கையொப்பமும் சம்மதமும்

தேயிலையும் ஏலமும் விளையும் தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல உள. சந்தையிலும் பஸ்ஸிலும் இவர்களுள் பலர் மலையாளத்தில் தடையின்றி உரையாடுவர். ஆனால், பிரசவ அறையின் வாயிலில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது, அந்தச் சந்தை மலையாளம் போதுமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள். அதிலேதான் ஓர் இடர் இருக்கிறது. முற்றிலும் விளங்காத மொழி நம்மைக் கேள்வி கேட்கத் தூண்டும். பாதி விளங்கும் மொழியோ தலையசைக்கச் செய்துவிடும். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். குழந்தைக்குப் பனி உண்டா என்று செவிலியர் வினவினால், புதிதாக அங்கே குடியேறிய தமிழ்த் தாய் குளிரைப் பற்றிய கேள்வியென எண்ணி, இல்லை என்று சொல்லிவிடலாம். ‘அவசரம்’ என்னும் சொல் அங்கே வாய்ப்பைக் குறிக்கும். பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் செய்துகொள்ள இது நல்ல அவசரம் என்று ஒருவர் யோசனையாகக் கூறுவதை, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று நம் பெண் பொருள்கொள்ளக் கூடும். சொன்னவரும் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் கவனக்குறைவாக இல்லை. எனினும் பிறந்த சம்மதம் மெய்யான சம்மதமன்று.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1995-ஆம் ஆண்டில் டில்லியில் 44 வயதுப் பெண்ணொருவர், உட்கருவி கொண்டு சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயின் சம்மதத்தைப் பெற்று, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. சமீரா கோலி வழக்கு எனப்படும் இவ்வழக்கில் 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது. சுயநினைவு திரும்பியபின் தாமே முடிவு செய்யக்கூடிய ஒருவருக்காக மற்றொருவர் சம்மதம் தர இயலாது என்பது அதன் சாரம். சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றை அறிந்தபின் தருவதே சம்மதம். உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டிய சிகிச்சைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

மற்றொரு வழக்கு மொழியையே நேரடியாகத் தொடுகிறது. 2012 ஜனவரியில் பீகார் மாநிலத்து அரரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் இரவு வேளையில், 2 மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதன் தொடர்பாக எழுந்த தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அறுவையின் விளைவுகளைச் சம்பந்தப்பட்டவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வாறு விளக்கியதாக மருத்துவர் சான்றளிக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகரும் சான்றளிக்க வேண்டும். மனம் மாறினால் விலகிக்கொள்வதற்கென ஏறக்குறைய ஒரு மணி நேர அவகாசமும் தரப்பட வேண்டும்.

கருக்கலைப்பு பற்றிய 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே நெறியைத் தழுவியது. சட்டம் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதுமானது. கணவரின் கையொப்பம் தேவையில்லை.

இனி நாம் செய்யத்தக்கது யாது? தாளில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லுமாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. மொழிபெயர்த்துச் சொல்ல வயது வந்த, நம்பத்தக்க ஒருவரை உடனழைத்துச் செல்வது நலம். பள்ளி செல்லும் மகளிடம் அச்சுமையை ஏற்றலாகாது. என்ன செய்யப்போகிறார்கள், ஏன் செய்கிறார்கள், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்னும் நான்கு கேள்விகளை மறவாமல் கேட்க வேண்டும். பின்னர், விளங்கியதை நம் சொற்களில் மருத்துவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

சிகிச்சைக் குறிப்புகளைப் பெறுவதற்கும் நமக்கு உரிமை உண்டு. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் அவற்றை 72 மணி நேரத்துக்குள் தருதல் வேண்டும். மேலும், கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுத இடமளிக்கிறது. மறுமொழியும் தமிழிலேயே வர வேண்டும். ஆகவே, குறையை எழுத மொழி தெரியவில்லையே என்று வாளாவிருக்க வேண்டுவதில்லை.

இவையெல்லாம் மருத்துவர்பால் ஐயங்கொள்வதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல. தாய்சேய் நலத்தில் கேரளம் முன்னணியில் நிற்கும் மாநிலம். நோயாளிக்கு விளங்கிய சம்மதம் மருத்துவருக்கும் பாதுகாப்பே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அறிந்தது இது: ஒரு சொல் பிறழ்ந்தால் கோப்பைத் திருத்திக்கொள்ளலாம், அறுவை முடிந்த உடலைத் திருத்துதல் அரிது. மூணாற்றிலாயினும் மும்பையிலாயினும், விளங்கிய பின்னரே கையொப்பம் இடுவோமாக.