விளையாட்டாகப் பிறந்த விண்வெளிப் போர்!

நடுநிசி. ஊர் அடங்கிவிட்டது. ஆனால் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடம் ஒன்றில் மட்டும் விளக்கு எரிகிறது. அலமாரி அலமாரியாக நிற்கும் ஒரு யந்திரத்தின் முன்னே நாலைந்து வாலிபர்கள் கூடியிருக்கிறார்கள். வட்டமான கண்ணாடித் திரையில் இரண்டு குட்டிக் கப்பல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒன்று திரும்புகிறது, குண்டு பாய்கிறது, மற்றொன்று வெடித்துப் புள்ளி புள்ளியாகச் சிதறுகிறது. பார்த்து நின்றவர்களின் ஆரவாரத்தைக் கேட்க வேண்டுமா?

இது நடந்தது 1962ஆம் ஆண்டில். கம்ப்யூட்டர் என்றால் ராணுவத்துக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் கணக்குப் போடுகிற யந்திரம் என்று உலகம் நினைத்திருந்த காலம். அந்த யந்திரத்தைச் சில வாலிபர்கள் விளையாட வைத்தார்கள்! இன்று பஸ்ஸிலும் ரயிலிலும் குழந்தைகள் கைபேசியில் விரலை ஓட்டி விளையாடுகிறார்களே, அந்த ஆட்டங்களுக்கெல்லாம் மூத்த பாட்டன்மாரில் ஒன்று அந்த ஆட்டம்தான். அதன் பெயர் 'ஸ்பேஸ்வார்' - விண்வெளிப் போர்.

பலகாரமும் விண்வெளியும்

இந்தக் கதைக்கு விதை போட்டவர் கம்ப்யூட்டரைத் தொட்டவரே அல்ல. ஈ.ஈ. ஸ்மித் என்பது அவர் பெயர். ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவருடைய உத்தியோகம் என்ன தெரியுமா? 'டோனட்' என்ற இனிப்புப் பலகாரத்துக்கு மாவுக் கலவை தயாரிக்கும் கம்பெனியில் வேலை! பகலில் மாவு, ஓய்வு நேரத்தில் விண்வெளி. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவும் வீரர்கள், ஆகாயத்தை நிறைக்கும் போர்க் கப்பல்கள், ஆபத்து, துரத்தல், தப்பித்தல் என்று கதைகளை எழுதித் தள்ளினார். 1928இலிருந்து அவை மலிவு விலைப் பத்திரிகைகளில் தொடராக வந்தன. இலக்கியப் பண்டிதர்கள் அவற்றைச் சீந்தவில்லை. பையன்களோ கீழே வைக்க மனமில்லாமல் படித்தார்கள்.

அப்படிப் படித்தவர்களில் மூவர் ஸ்டீவ் ரஸ்ஸல், மார்ட்டின் கிரேட்ஸ், வேய்ன் வீட்டனன். கேம்பிரிட்ஜ் நகரின் ஹிங்ஹம் தெருவிலிருந்த ஒரு பழைய வீடுதான் இவர்கள் கூடும் இடம். அதற்கு வேடிக்கையாக 'ஹிங்ஹம் ஆராய்ச்சி நிலையம்' என்று பெயர் சூட்டிக் கொண்டார்கள். ஸ்மித்தின் கதைகளைச் சினிமாவாக எடுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்பது அவர்களுடைய பெரிய மனக்குறை.

ரயில் பைத்தியங்கள்

அதே கழகத்தில் பொம்மை ரயில் சங்கம் ஒன்று இருந்தது. சிலர் அங்கே பெட்டிகளுக்கு வர்ணம் பூசி, குட்டி மரங்களை நட்டு அழகு பார்ப்பார்கள். வேறு சிலருக்கோ மேஜைக்கு அடியில்தான் மோகம். ரயிலை ஓட்டும் கம்பிகளும் மின் விசைகளும் அங்கேதான் இருந்தன. பழைய டெலிபோன் சாமான்களைக் கொண்டே அவற்றைப் பிணைத்திருந்தார்கள். கச்சிதமாக ஒரு தந்திரம் செய்து காரியத்தைச் சாதித்தால் அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹாக்'. இன்று 'ஹாக்கர்' என்றவுடன் திருடன் ஞாபகம் வருகிறது. அன்று அது கெட்டிக்காரனுக்குக் கிடைத்த பட்டம்.

ரயிலில் தொடங்கிய மோகம் விரைவிலேயே கம்ப்யூட்டரிடம் தாவியது. பகலில் பெரியவர்களுக்கு யந்திரம் வேண்டும். ஆகவே இவர்களுக்கு இரவுதான் பகல் ஆயிற்று.

1961இன் இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு புது விருந்தாளி வந்து சேர்ந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனி கழகத்துக்கு நன்கொடையாக அளித்த 'பி.டி.பி.-1' என்ற கம்ப்யூட்டர்! விலை சுமார் 1,20,000 டாலர். மொத்தமே ஐம்பத்துச் சொச்சம் யந்திரங்கள்தான் அந்த வகையில் செய்யப்பட்டன. ஒரு விநாடியில் ஒரு லட்சம் கூட்டல்கள் போடும். ஆனால் அதன் ஞாபக சக்தி 4,096 சொற்கள் மட்டும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவைச் சேமிக்க, அதைப் போல் சில நூறு மடங்கு இடம் வேண்டும்!

புதுப் பொம்மையை வைத்து என்ன செய்யலாம்? நண்பர்கள் மூவரும் யோசித்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு யந்திரத்தின் சாமர்த்தியம் விளங்க வேண்டும். அதன் சக்தி முழுவதையும் பிழிந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும். வந்தவர் கையைக் கட்டிக் கொண்டு நிற்காமல் தாமே அதில் கலந்து கொள்ள வேண்டும். இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் அதற்குப் பெயர் விளையாட்டுத்தானே? தலையில் ஸ்மித்தின் விண்வெளிக் கதைகள். எதிரே புத்தம் புதுத் திரை. விண்வெளிப் போர் என்று முடிவாயிற்று.

சாக்குப் போக்கு சொன்ன வாலிபர்

எழுத வேண்டியவர் ரஸ்ஸல். அப்போது அவருக்குச் சுமார் 24 வயது. நண்பர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப் பெயர் 'ஸ்லக்'. ஓடில்லாத நத்தை என்று அர்த்தம்! அவருக்குத் திறமை இல்லை என்பதல்ல. 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல்லைப் படைத்த ஜான் மக்கார்த்தியிடம் வேலை பார்த்தவர் அவர். மக்கார்த்தி காகிதத்தில் வகுத்திருந்த 'லிஸ்ப்' என்ற கம்ப்யூட்டர் மொழியை முதன் முதலாக யந்திரத்தில் ஓட வைத்தவரும் அவரே. ஆனாலும் ஒரு வேலையைத் தொடங்குவதென்றால் மட்டும் இன்று, நாளை என்று இழுத்தடிப்பது அவர் சுபாவம்.

கப்பல் திரும்ப வேண்டுமானால் 'சைன்', 'கொசைன்' கணக்குகள் தேவை. அவற்றைப் போடும் நிரல் கையில் இல்லையே, எப்படி எழுதுவது என்று ரஸ்ஸல் கையை விரித்தார். ரயில் சங்கத்து நண்பர் ஆலன் கோட்டாக் பார்த்தார். பேசிப் பயனில்லை என்று நேரே மேனார்ட் என்ற ஊரிலுள்ள கம்பெனிக்கே போனார். அந்த நிரல் துளையிடப்பட்டிருந்த காகித நாடாவை வாங்கி வந்து ரஸ்ஸல் முன்னால் வைத்தார். இனிச் சாக்கு ஏது?

1962 ஜனவரியில் திரையில் ஒரு புள்ளி நகர்ந்தது. பிப்ரவரியில் இரண்டு கப்பல்கள் போரிட்டன. ஒன்று ஊசி மாதிரி; மற்றொன்று ஆப்பு மாதிரி. உழைப்பு சுமார் 200 மணி நேரம்.

ஆளுக்கு ஒரு கை

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். நிரல் எழுதிய காகித நாடா பூட்டி வைக்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். ஊர் கூடித் தேர் இழுத்தது போல் ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள்.

ரஸ்ஸல் பின்னணியில் கண்டபடி சில புள்ளிகளைத் தூவியிருந்தார். பீட்டர் சாம்சன் என்பவருக்கு அது பொறுக்கவில்லை. வானம் என்றால் உண்மையான வானமாக இருக்க வேண்டாமா? வான சாஸ்திரப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக, அதனதன் பிரகாசத்தோடு, உரிய இடத்தில் பதித்துவிட்டார். 'விலை உயர்ந்த கோளரங்கம்' என்று அதற்குக் கேலிப் பெயர் வைத்தார்கள்.

டான் எட்வர்ட்ஸ் என்பவர் நடுவில் ஒரு சூரியனை வைத்து அதற்கு ஈர்ப்பு சக்தியையும் கொடுத்தார். உடனே ஆட்டத்தின் தன்மையே மாறிவிட்டது. அதுவரை விரல் வேகம் உள்ளவன் ஜெயித்தான். இப்போது புத்தியும் வேண்டியதாயிற்று. சும்மா இருந்தால் சூரியனுக்குள் விழுந்து சாக வேண்டியதுதான். சாமர்த்தியசாலியோ அதே ஈர்ப்பைப் பயன்படுத்திச் சூரியனைச் சுற்றி வளைந்து வந்து எதிரியின் முதுகில் அடிப்பான். வேடிக்கை என்னவென்றால், குண்டுகளை மட்டும் சூரியன் இழுக்காது. அவற்றுக்கும் கணக்குப் போட யந்திரத்துக்கு நேரம் போதவில்லை!

கிரேட்ஸ் தம் பங்குக்கு ஒரு மாயக் கதவைத் திறந்து வைத்தார். தப்பிக்க வேறு வழியே இல்லாதபோது கப்பலைத் திரையிலிருந்து மறையச் செய்யலாம். ஆனால் எங்கே வெளிப்படும் என்று சொல்ல முடியாது. அடிக்கடி மறைந்தால் வெளிப்படும்போதே வெடித்துவிடவும் கூடும். கஷ்டத்தில் கை கொடுக்கும் கடன் மாதிரிதான். பழகிவிட்டால் ஆளையே விழுங்கிவிடும்!

ஆரம்பத்தில் யந்திரத்தின் விசைகளைத் தட்டித்தான் விளையாடினார்கள். முழங்கை வலி எடுத்தது. கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் சங்கத்துச் சாமான்களைக் கொண்டு கைக்கு அடக்கமான பெட்டிகள் செய்தார்கள். குண்டு போடும் பொத்தானைச் சத்தமே வராதபடி அமைத்தார்களாம். சத்தம் கேட்டால் எதிரி உஷாராகி விடுவானே!

அந்த ஆண்டு மே மாதம் கழகத்தின் விஞ்ஞானக் கண்காட்சியில் ஆட்டம் பொதுமக்கள் முன் அரங்கேறியது.

காசு வந்ததா?

இத்தனை பேரும் புகழும் பெற்ற ஆட்டத்தால் ரஸ்ஸலுக்குக் கிடைத்த பணம் எவ்வளவு? ஒரு காசும் இல்லை.

விற்றால் என்ன என்று நண்பர்கள் இரண்டு மூன்று நாள் யோசித்துப் பார்த்ததுண்டு. லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள யந்திரம் வைத்திருப்பவன்தான் விளையாட முடியும். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? வழியில்லை என்று விட்டுவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நாடா இலவசமாகப் போயிற்று. யந்திரம் செய்த கம்பெனிக்கும் அது உபயோகப்பட்டது. கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்பையும் வேலை வாங்கும் ஆட்டமல்லவா? யந்திரம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க அதையே ஓட்டிப் பார்த்தார்கள்.

பணம் வேறிடத்துக்குப் போயிற்று. ஸ்பேஸ்வாரைக் கண்டு மயங்கிய நோலன் புஷ்னல் 1971இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து, காசு போட்டு விளையாடும் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற யந்திரத்தைக் கொண்டு வந்தார். சாதாரண ஜனங்களுக்கு அது கொஞ்சம் கடினமாக இருந்தது. மறு ஆண்டு 'அட்டாரி' கம்பெனியைத் தொடங்கி, பந்தடிக்கும் 'பாங்' ஆட்டத்தை வெளியிட்டார். காசு மழை பொழிந்தது. பெரிய தொழில் ஒன்று பிறந்தது.

ரஸ்ஸல் ஏமாந்தவரா? கணக்குப் பிள்ளையைக் கேட்டால் ஆம் என்பார். ஆனால் நாடாவைப் பூட்டி வைத்திருந்தால் சாம்சனின் வானமும் எட்வர்ட்ஸின் சூரியனும் அதில் உதித்திருக்குமா? கொடுத்ததனால்தான் அது வளர்ந்தது. வளர்ந்ததனால்தான் ஊர் ஊராகப் பரவியது.

விளையாட்டு இவர்களை வீணாக்கியதா என்றால் அதுவும் இல்லை. நாடா வாங்கி வந்த கோட்டாக், பின்னால் அதே கம்பெனியில் 'பி.டி.பி.-10' என்ற பெரிய கம்ப்யூட்டரின் தலைமைச் சிற்பிகளில் ஒருவரானார். ரஸ்ஸல் ஸியாட்டில் நகரில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் பணியாற்றினார். 1968இல் அங்கிருந்த பி.டி.பி.-10இல் குற்றம் குறை கண்டுபிடிக்கச் சில பள்ளி மாணவர்களை அனுமதித்தார்கள். ரஸ்ஸலைத் துளைத்துத் துளைத்துச் சந்தேகம் கேட்ட அந்தப் பையன்களில் இருவர் பில் கேட்ஸ், பால் ஆலன். பின்னாளில் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியைத் தொடங்கியவர்கள்!

வாடகை பாக்கியால் வந்த யுத்தம்

ஒரே திரையின் முன் உட்கார்ந்து விளையாடியது அந்தக் காலம். 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர்கள் 'மட்' என்றோர் ஆட்டத்தைப் படைத்தார்கள். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். ஆனால் பலர் தனித்தனி இடங்களில் இருந்தபடி ஒரே கற்பனை உலகில் ஒரே நேரத்தில் உலாவலாம். ஓடிய யந்திரம் எது? கோட்டாக்கின் பி.டி.பி.-10 தான்!

அந்த விதை இன்று ஆலமரம். 2003இல் ஐஸ்லாந்தில் பிறந்த 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி ஆட்டத்தில் 2014 ஜனவரி 27, 28 தேதிகளில் ஒரு மகா யுத்தம் மூண்டது. காரணம் சிரிப்பை வரவழைக்கும். ஒரு கூட்டணி தன் வசமிருந்த நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பணம் உரிய நேரத்தில் கட்டப்படவில்லை. இடம் கைமாறும் நிலை வந்ததும் எதிரிகள் பாய்ந்தார்கள். 21 மணி நேரம் போர். பல தேசங்களிலிருந்து 7,500க்கு மேற்பட்டோர் கலந்து கொண்டார்கள். 'டைட்டன்' என்ற ராட்சசக் கப்பல்கள் 75 அழிந்தன. நஷ்டம் சுமார் 3 லட்சம் டாலர் மதிப்பு என்று கணக்கிட்டார்கள். ஸ்மித் கற்பனை செய்த போர்க்களம் ஏறக்குறைய அப்படியே கண்ணெதிரே நடந்துவிட்டது. ஒருவர் மேலும் கீறல் விழவில்லை என்பது ஒன்றே ஆறுதல்!

மருந்தும் விருந்தும்

விளையாட்டு வினையாகாதா என்ற பெற்றோர் கவலையை ஒதுக்கிவிட முடியாது. தன்னை மறந்து, படிப்பை மறந்து, தூக்கத்தை மறந்து ஆடும் பழக்கத்தை உலக சுகாதார ஸ்தாபனமே நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அது அமலில் உள்ளது. விருந்தும் அளவு மீறினால் வியாதிதான்.

ஆனால் ஹிங்ஹம் தெரு வாலிபர்களின் கதை வேறொன்றைச் சொல்கிறது. அவர்கள் ஆட்டத்தை ஆடியதோடு நிற்கவில்லை. பிரித்துப் பார்த்தார்கள், திருத்தினார்கள், சேர்த்தார்கள், பிறருக்குக் கொடுத்தார்கள். பிள்ளை விளையாடுகிறானே என்று கோபிக்குமுன், அது எப்படி ஓடுகிறது என்று அவனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். பதில் தேடி அவன் புறப்பட்டுவிட்டால் கவலை பாதி குறைந்த மாதிரி.

கலிபோர்னியாவில், மவுண்டன் வியூ நகரிலுள்ள கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியத்தில் ஒரு பி.டி.பி.-1 யந்திரத்தைப் பழுது பார்த்து ஓட வைத்திருக்கிறார்கள். வட்டத் திரையில் அதே ஊசி, அதே ஆப்பு; பின்னால் சாம்சன் பதித்த அதே நட்சத்திரங்கள்; நடுவில் இழுத்துக் கொண்டேயிருக்கும் சூரியன். நத்தை என்று பெயர் வாங்கியவர் விட்ட கப்பல், அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் பறந்து கொண்டுதான் இருக்கிறது!