தாதியக் கல்வியும் தொலைதூரப் பயணமும்

ரண்டர்ஸ் நகரில் வியா கல்லூரி நடத்தும் தாதியப் பட்டப்படிப்பு மூன்றரை ஆண்டுகளைக் கொண்டது. 2016ஆம் ஆண்டின் கல்வி ஆணைப்படி, அதன் 210 ஈ.சி.டி.எஸ். புள்ளிகளில் 90 புள்ளிகள் செய்முறைப் பயிற்சிக்குரியவை. வகுப்புகள் வீட்டுக்கு அருகில் நடைபெற்றாலும், பயிற்சிக்கு வேறு ஊருக்குச் செல்ல நேரிடலாம். எனவே படிப்பைத் தொடங்கும் முன்பே பயணத்தைத் திட்டமிடுதல் நன்று.

பயிற்சிக்கால வருகை

செய்முறைப் பயிற்சியில் வருகை கட்டாயமாகும். அதை நிறைவேற்றாதவர் அப்பகுதிக்குரிய பரீட்சைக்குத் தோற்ற இயலாது. காலைப் பணி 7 மணியளவில் தொடங்குவது வழக்கம். மாலை, இரவு, வார இறுதிப் பணிகளும் உண்டு. பயிற்சியிடம் அறிவிக்கப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தின் நேரத்தையும் இரவில் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் ரைசபிளானன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். ரண்டர்சிலிருந்து ஓர்ஹூசுக்கு நேரடித் தொடருந்து உண்டு. விபோர்க் செல்வோர் லங்கோ நிலையத்தில் மாற வேண்டும். மாறும் நேரம் குறுகியதாயின் ஒரு முந்திய தொடருந்தைத் தெரிவுசெய்க. நேர அட்டவணை பொருந்தாவிடில், பயிற்சி தொடங்கும் முன்னரே கல்லூரிக்குத் தெரிவியுங்கள்.

பயணச் செலவு

எஸ்.யூ. கல்வி உதவித்தொகைக்குத் தகுதியான படிப்பைப் பயில்வோர் உங்டொம்ஸ்கோர்ட் எனும் இளைஞர் பயண அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சியிடம் மாறும்போது, அட்டையில் அதற்கேற்ற மாற்றம் தேவையா என முன்கூட்டியே கேட்டறிக.

வரி தொடர்பில் ஒரு தவறான எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. பயணச் செலவுக்கான வரிக்கழிவு, நாளொன்றுக்குப் போக வர 24 கிலோமீற்றருக்கு மேல் பயணித்து ஊதிய வேலைக்குச் செல்வோருக்கே உரியது. கல்லூரிக்குச் செல்லும் பயணத்தை அதில் குறிப்பிடுதல் ஆகாது. எஸ்.யூ. பெறும் காலத்தில் பகுதிநேர வேலை செய்யலாம். எனினும் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதை மீறியவர் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த நேரிடும்.

பிள்ளைகள் உள்ளோருக்கு

படிப்பில் சேர்வதால் குடும்ப வருமானம் குறையுமாயின், பிள்ளைப் பராமரிப்புக் கட்டணத்தில் சலுகை பெறத் தாமதியாது நகரசபைக்கு விண்ணப்பியுங்கள். தனித்துப் பிள்ளை வளர்ப்போரும், தாய் தந்தை இருவரும் எஸ்.யூ. பெறுவோரும் அதனுடன் மேலதிகக் கொடுப்பனவு கோரலாம். மாலைப் பணி நாட்களில் பிள்ளையை யார் அழைத்து வருவார் என்பதைப் பணி அட்டவணை வந்த அன்றே குடும்பத்தாருடன் பேசி முடிவுசெய்க. அதைத் தாயின் பொறுப்பென்று மட்டும் விட்டுவிடலாகாது.

உறக்கமும் சட்டமும்

இரவுப் பணி முடிந்து வாகனம் ஓட்டி வீடு திரும்புவோர் ஒன்றை அறிதல் அவசியம். டென்மார்க் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மது போதையை மட்டும் தடைசெய்யவில்லை. உறக்கமின்மையாலும் மிகைக்களைப்பாலும் பாதுகாப்பாக ஓட்ட இயலாத நிலையில் வாகனம் ஓட்டுவதையும் அது தடைசெய்கிறது. சாளரத்தைத் திறப்பதோ வானொலியை உரக்க வைப்பதோ உறக்கத்துக்கு மாற்றாகாது. களைப்புற்றால் வாகனத்தை நிறுத்திவிட்டு வீட்டாரை அழையுங்கள். அல்லது அன்று பேருந்தில் செல்லுங்கள்.

படிப்பைக் கைவிடும் முன்

பயணச் சுமை தாங்காது படிப்பை நிறுத்த எண்ணுவோர், விலகல் கடிதம் கொடுக்குமுன் கல்லூரியின் கல்வி ஆலோசகரைச் சந்திக்கவும். இடைவிடுப்பு எடுத்துப் பின்னர் தொடர வழியுண்டு; விடுப்புக் காலத்தில் எஸ்.யூ. கிடைக்காது என்பதையும் கணக்கிற் கொள்க. கல்லூரிக்கு அருகில் குடியேறுவதும் ஒரு தீர்வாகும். வாடகை உதவிக்கு உட்பெத்தாலிங் டென்மார்க் நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம்.

நகரசபையின் சேவைகள் பற்றி லக்சதொர்வ சதுக்கத்திலுள்ள நகரசபை அலுவலகத்தில் வினவலாம். செல்லும்போது கல்லூரி அனுமதிக் கடிதத்தையும் பணி அட்டவணையையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.