எழுதுமேசைக் கொலைகாரர்கள் – 9: ஒருவழி டிக்கெட்

வரலாற்றாசிரியர் ரால் ஹில்பெர்கைச் சென்ற வாரம் வெர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியாவில், அமெரிக்க ராணுவம் அள்ளிவந்த ஜெர்மன் கோப்புகளுக்கு நடுவே விட்டுவந்தோம். அவருடைய 'ஐரோப்பிய யூதர்களின் அழிப்பு' 1961இல் அச்சேறுவதற்குள் பட்ட பாட்டை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். குறுக்கே ரயில் வந்துவிட்டது.

நாஜிகளின் கொலைமுகாமுக்குப் போன யூதர்களுக்கு ரயில் கட்டணம் உண்டு. சரக்குப் பெட்டியில் அடைத்தாலும் கணக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு: தலைக்குக் கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். நான்கு வயதுக்குட்பட்டால் இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை, பாதிக் கட்டணம். யூதர்களுக்கு ஒருவழி, காவலர்களுக்குப் போகவர. சுற்றுலாப் பயணிகளுக்கு டிக்கெட் போட்ட அதே பயண நிறுவனம்தான் இதற்கும் பில் போட்டது.

பணம் யாருடையது? யூதர்களிடம் பறித்ததுதான். 1943இல் கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரத்திலிருந்து சுமார் 46,000 பேரை ஏற்றியபோது மட்டும் சிக்கல். பறித்த பணம் டிராக்மாவில் இருந்தது. ரயில்வே மார்க்கில் கேட்டது. கிட்டத்தட்ட 20 லட்சம் மார்க்! கொலையில் யாருக்கும் தயக்கமில்லை. அந்நியச் செலாவணியில்தான் அலுவலகங்கள் மல்லுக்கட்டின.

இதையெல்லாம் தோண்டியெடுத்தவர் ஹில்பெர்க். 1976இல் கட்டுரையாக, 1981இல் ஜெர்மனில் தனி நூலாகவே எழுதினார். கிளாட் லான்ஸ்மனின் 'ஷோவா' (1985) ஆவணப்படத்தில், திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போன ரயில்களின் கால அட்டவணைத் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குரல் உயராது. ஐம்பது பெட்டிகளோடு ரயில் போகிறது, காலியாகத் திரும்புகிறது, அடுத்த ஊருக்கு ஓடுகிறது. இந்த ஒரு தாளில் 10,000 பிணங்கள் இருக்கலாம் என்பார். தாளில் 'ரகசியம்' என்ற முத்திரைகூட இல்லை. 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்', அவ்வளவுதான். ரகசியம் என்று குத்தியிருந்தால், பார்ப்பவர்கள் ஏன் என்று கேட்டிருப்பார்களே!

ஹில்பெர்கின் வாதம் முழுக்க இந்தத் தாளில் இருக்கிறது. யூதர்களை அழிக்கத் தனி அமைச்சகமோ தனி பட்ஜெட்டோ தேவைப்படவில்லை. இருக்கிற அலுவலகங்கள் அன்றாட வேலையை ஒழுங்காகப் பார்த்தன. அது போதுமானதாக இருந்தது. ஜெர்மன் காகிதங்களையே நம்பி, செத்தவர்களின் குரலை விட்டுவிட்டார் என்று அவர்மீது குறை உண்டு. நியாயமான குறைதான். அந்தக் காரணத்தோடுதான் ஜெருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு மையமான யாத் வஷேம் 1958இல் அவரது கையெழுத்துப் பிரதிக்குக் கைகொடுக்க மறுத்தது. வாக்களித்த அந்தக் கதை அடுத்த வாரம், கட்டாயம்.

போவதற்கு முன் ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். ஆல்பர்ட் கான்சென்முல்லர், போக்குவரத்து அமைச்சகத்தின் செயலர். ஜூலை 22 முதல் தினமும் 5,000 யூதர்களோடு வார்சாவிலிருந்து திரெப்ளிங்காவுக்கு ரயில் ஓடுகிறது என்று 1942 ஜூலை 28 அன்று எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியவர். 1973இல் டுசல்டார்ஃபில் அவர்மீது வழக்கு தொடங்கியது. மாரடைப்பு வந்தது, விசாரணை நின்றது. அதற்குப் பின் 1996 வரை உயிரோடிருந்தார். தண்டனை கிடையாது.