வளர்ந்தோரிடத்துக் கவனக்குறைவு நோயும் அதனை ஆளும் வழியும்

மனத்தின் தொழில்கள் பலவற்றுள்ளும் கவனம் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது. கண்ணும் செவியும் ஓயாது கொணர்ந்து குவிக்கும் செய்திகளுள் வேண்டியதை ஏற்று, வேண்டாததை விலக்கி, எடுத்த கருமம் முடியுமட்டும் அதன்கண் உள்ளத்தை நிறுத்துவது அதுவே. இவ்வாற்றல் எல்லார்க்கும் ஒருபடித்தாய் அமைவதில்லை. அறிவிற் குறைவில்லாதவராய், செய்யவேண்டுமென்னும் விருப்பமும் உடையவராய் இருந்தும், தொடங்கிய வேலையை முடிக்கவியலாமலும், குறித்த நேரத்தைக் காக்கவியலாமலும், வைத்த பொருளைத் தேடித் தேடி அலைந்தும் வாழ்நாள் முழுவதும் இடர்ப்படுவோர் உளர். உலகம் இவரைச் சோம்பேறி என்றும் பொறுப்பற்றவர் என்றும் கூறும். மருத்துவ நூலார் கூற்றோ வேறு. இத்தகையோருட் பலரிடத்து உள்ளது மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு கோளாறே என்பது அவர்தம் முடிபு. தமிழிற் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு எனப்படும் இது, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களால் ஏ.டி.எச்.டி. என வழங்கும்.

இந்நோய் புதிதாகத் தோன்றியதன்று. ஒரு பொருளின்மேல் உறுதியாகக் கவனஞ் செலுத்த முடியாத நிலையைப் பற்றிக் கொத்துலாந்து வைத்தியராகிய அலெக்சாந்தர் கிறைற்றன் 1798ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே எழுதியுள்ளார். 1902இல் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியிற் சொற்பொழிவாற்றிய யோர்ச் ஸ்ரில் என்பவர், அறிவு குன்றாதிருந்தும் தம்மை அடக்கமாட்டாத சிறுவர் சிலரைப் பற்றிக் கூறினார். அக்குறையை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை எனவே குறித்தார். எனினும் வளர்ப்பின் பிழையாக மட்டும் அதனைக் கருதாது, உடலிலும் அதற்குக் காரணம் இருத்தல்கூடும் என எண்ணியமை போற்றத்தக்கது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய் வகுப்பு நூலில் 1968இற் சிறுவர்க்குரிய மிகையியக்கமாகவே இது இடம்பெற்றது. 1980இலேதான் கவனக்குறைவு முதன்மை பெற்றது. இன்று வழங்கும் பெயர் 1987இல் வந்தது.

பிள்ளை வளர வளர நோய் தானே மறையும் என நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்வந்த ஆராய்ச்சிகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. வளர்ந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 2.5 பேரிடத்து இந்நோய் காணப்படுகின்றது எனப் பல நாட்டறிஞர் 2021இற் கூடி வெளியிட்ட அறிக்கை கூறும். வயது ஏறுங்கால் நோயின் தோற்றம் மாறுகின்றது. ஓடித்திரிந்த சிறுவனின் அமைதியின்மை, வளர்ந்தவனிடத்து உள்ளத்தின் அமைதியின்மையாகின்றது. கடிதங்கள் விடையின்றிக் கிடக்கும். கட்டவேண்டிய பணம் தவணை தவறும். பிறர் பேச்சு முடியுமுன் இடைமறித்துப் பேசுதல் நேரும். ஆராயாது செலவு செய்தலும் நிகழும். இவற்றாற் பதவி இழந்தோரும், இல்லற அமைதி இழந்தோரும் உளர்.

மறதியும் சிதறலும் எவரிடத்தும் சிற்சில வேளைகளில் உண்டு. ஆதலின் நோய் இதுவெனத் துணிதற்கு வரையறை வேண்டும். 2013இல் வெளிவந்த ஐந்தாம் வகுப்பு நூலின்படி, பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனோரிடத்துக் கவனக்குறைவின் குறிகளுள் அல்லது மிகையியக்கத்தின் குறிகளுள் ஐந்தேனும் ஆறு மாதமாவது நிலைத்திருத்தல் வேண்டும். அவற்றுட் சில பன்னிரண்டு வயதிற்கு முன்னரே காணப்பட்டிருத்தல் வேண்டும். வீடு, தொழில் எனும் இவைபோன்ற இரண்டிடங்களிலேனும் புலப்படுதலும் வேண்டும். குருதிச் சோதனையாலோ மூளைப் படத்தாலோ இதனைத் துணிதல் இயலாது. நித்திரைக் குறைவு, மனச்சோர்வு, பதகளிப்பு, தைரொயிட்டுச் சுரப்பி நோய் ஆகியனவும் கவனத்தைக் கெடுப்பனவாதலின், தக்க வைத்தியரே ஆராய்ந்து முடிவு கூறற்பாலார்.

இனி மருந்தின் வரலாற்றை நோக்குவாம். 1937இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்துச் சிறுவர் மருத்துவ இல்லமொன்றில், சாள்ஸ் பிறட்லி என்னும் வைத்தியர் முப்பது பிள்ளைகளுக்கு அம்பெற்றமீன் வகை மருந்தொன்றை அளித்தார். அவருட் பதினால்வர் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றங் காட்டினர். 1944இற் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்து இரசாயன அறிஞர் லெயான்றோ பனிசொன் மெதைல்பெனிடேற்று என்னும் பொருளை ஆக்கினார். தம் மனைவியின் செல்லப்பெயராகிய றீற்றா என்பதைத் தழுவி அதற்கு றிற்றலின் எனப் பெயரிட்டார். அது 1954இல் விற்பனைக்கு வந்தது.

ஊக்கும் மருந்து அமைதியின்மையை எங்ஙனம் தணிக்கும் என ஐயுறலாம். மூளையின் முன்பகுதி, தாவும் எண்ணங்களை அடக்கி நெறிப்படுத்தும் தொழிலுடையது. அங்குள்ள நரம்புக்கலங்கள் டொப்பமைன், நோரதிரனலின் என்னும் பொருள்களாற் செய்தி பரிமாறுகின்றன. வெளிப்பட்ட அப்பொருள்களைக் கலங்கள் மீள உறிஞ்சுவதை மெதைல்பெனிடேற்றுத் தடுக்கின்றது. அம்பெற்றமீன் வகை மருந்துகள் அவற்றின் வெளிப்பாட்டையும் மிகுவிக்கின்றன. இதனால் ஊக்கப்படுவது அடக்கும் ஆற்றலேயாம். குதிரை அமைதியுறுவது அது களைத்தமையாலன்று, கடிவாளம் வலியுற்றமையாலே என்க.

இம்மருந்துகளின் பயன் பெரிது. சுவீடன் நாட்டில் இந்நோயுடைய 17,408 வளர்ந்தோரை ஆராய்ந்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருந்து கொண்ட ஆண்களிடத்துக் கடுமையான வீதி விபத்துக்களின் அபாயம் நூற்றுக்கு 58 பங்கு குறைந்து காணப்பட்டது. பெண்களிடத்து அத்தகைய தெளிவான வேறுபாடு தோன்றவில்லை. கவனக்குறைவு உயிரையும் தொடுவது என்பதற்கு இஃதொரு சான்று.

எனினும் மருந்து தீங்கற்றதன்று. பசி குன்றலும், நித்திரை தடைப்படலும், நாடித்துடிப்பும் குருதியமுக்கமும் சிறிது உயர்தலும் உண்டு. ஆதலின் மருந்தின் அளவை மாற்றுந்தோறும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இவற்றை அளந்து பார்த்தல் வேண்டும் எனப் பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி விதிக்கின்றது. இதய நோயுடையார் அதனை முன்னரே வைத்தியர்க்கு உரைத்தல் இன்றியமையாதது. ஊக்கி மருந்துகள் தவறாகப் பயன்படுத்தப்படவுங் கூடியன. பரீட்சைக் காலத்தில் நண்பனின் குளிசையை வாங்கி விழுங்குதல் அறியாமையும் ஆபத்துமாம். ஊக்கி மருந்து ஒவ்வாதார்க்கு அற்றொமொக்செற்றின் போன்ற வேறு மருந்துகள் உள. அவற்றின் பயன் தெரிதற்குச் சில கிழமைகள் செல்லும்.

மருந்து செய்யாதனவும் பல. கவனத்தை நிறுத்தும் ஆற்றலை அது தரும். எதன்மேல் நிறுத்துவது என்பதைத் தராது. நெடுநாட் பழகிய ஒழுங்கின்மையை ஒரு குளிசை நீக்கிவிடாது. மருந்து கொண்டும் குறை நீங்காத வளர்ந்தோர்க்கு, நேரத்தைப் பகுத்தல், பெருவேலையைச் சிறு கூறுகளாக்கல், தடைகளை விலக்கல் ஆகியவற்றைப் பயிற்றும் உளச்சிகிச்சை மேலும் பயன் தந்தது என 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஒரே குறிப்பேட்டில் எல்லாக் கடமைகளையும் எழுதுதலும், திறப்பு, மூக்குக்கண்ணாடி முதலியவற்றுக்கு மாறா இடம் வகுத்தலும், வேலைவேளையிற் கைத்தொலைபேசியை வேறறையில் வைத்தலும் எளிய பயிற்சிகள். நினைவை மூளையிற் சுமக்காது புறத்தே வைத்தலே இவற்றின் நோக்கம்.

உடலொழுக்கமும் இங்ஙனமே. இந்நோயுடையார் பலர்க்கு நித்திரை பிந்தி வரும். நித்திரை குறையின் மறுநாட் கவனம் மேலுங் கெடும். ஒரே நேரத்திற் படுத்து ஒரே நேரத்தில் எழுதலும், மாலைக்குப்பின் தேநீர் கோப்பியை நீக்கலும் நன்று. நாள்தோறும் நடத்தல், நீந்தல் போன்ற தேகாப்பியாசம் கவனத்துக்குத் துணைசெய்யும். மருந்து பசியைக் குறைப்பதால், காலையுணவை மருந்துக்கு முன்னரே உண்டல் தகும். மதுவால் மயக்கமடைந்து அமைதி தேடுவது நோயின்மேல் நோயை ஏற்றுவதாகும். இவ்வொழுக்கங்கள் மருந்துக்குத் துணையாவனவேயன்றி, மருந்து வேண்டப்படும் இடத்து அதற்கு ஈடாகா.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் அளவறிந்து உண்ணுதலை முதலிற் பேசிப் பின்னரே வைத்தியன் கடமையைப் பேசுகின்றது. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் நான்கு கூறுகளை இறுதியில் வைக்கின்றது. இந்நோய்க்கும் அந்நான்கும் வேண்டும். நான்காவது கூறாகிய இல்லத்தாரும் உடன்பணியாற்றுவோருமே பெரும்பாலும் குறைவுறக் காண்கின்றோம். மறதியைப் பழியாகக் கொள்ளாது குறையெனக் கொண்டு நினைவூட்டுவாரைப் பெற்றவன், மருந்தின் பயனை முற்றாகப் பெறுவான். கண்ணாடி அணிந்தவனை எவரும் பழிப்பதில்லை. கவனத்துக்குத் துணை தேடுவோனும் அவ்வாறே மதிக்கப்படுதல் முறையாம்.