செஞ்சிச் சுவரும் நத்தைக் கூடும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரின் பார்வை முதலில் மேல்நோக்கியே செல்லும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும், அவற்றைப் பிணைத்து ஓடும் மதிலும் அத்தகைய கம்பீரம் உடையவை. 1649இல் பிஜப்பூர் சுல்தானியர் வசமானபோது பாதுஷாபாத் என்றும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் கைப்பற்றியபோது நுஸ்ரத்கட் என்றும் இவ்வூர் பெயர் பெற்றது. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் பெயரால் 1717–18இல் எழுந்த பள்ளிவாசல் பாரசீகக் கல்வெட்டுகளுடன் இன்றும் நிற்கிறது. 2025 ஜூலையில், மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள் என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாகச் செஞ்சி உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இவை பற்றியெல்லாம் வரலாற்றறிஞர் விரிவாக எழுதியுள்ளனர், இனியும் எழுதுவர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது எந்த ஆவணத்திலும் பெயர் இடம்பெறாத ஒரு குடியைப் பற்றி: மதிற்சுவரின் காரை உதிர்ந்த இடுக்குகளில் வாழும் நத்தை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பின் பழஞ்சுவர் ஒன்றின் அடியில் சற்றே அமர்ந்து பார்த்தால், விரற்கடை நீளமும் இல்லாத சிறு கூடுகள் அசைவதைக் காணலாம். பாறையை விட்டுச் சுவரை அவை நாடுவது ஏன்? நத்தையின் கூடு சுண்ணாம்புக் கார்பனேட்டால் ஆனது. இட்ட முட்டைக்கும் பல இனங்களில் அதே பொருள் வேண்டும். செஞ்சிக் குன்றுகளோ கருங்கல் வகையைச் சேர்ந்த பழம்பாறைகள். அவற்றிலிருந்து கசியும் சுண்ணாம்பு மிகக் குறைவு. நத்தைக்கு அரிதான அந்தப் பொருளைக் கொத்தனார்கள் வண்டி வண்டியாகக் கொணர்ந்து, செங்கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பூசி வைத்துச் சென்றனர்.

அந்தச் சுண்ணாம்பின் வரலாறும் சுவையானது. சோழமண்டலக் கரை நெடுகிலும் பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளில் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் அடுக்கிச் சுடுவதே சுண்ணாம்பு ஆக்கும் பெருவழக்காக இருந்தது. சுமார் 900 பாகை வெப்பத்தில் கிளிஞ்சலிலுள்ள கரியமிலவாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் ஊற்றித் தாளித்து, மணலும் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் கூட்டி அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உண்டு மீண்டும் கல்லாகும். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சைப் பளிங்கென்று எண்ணி ஐரோப்பியப் பயணியர் ஏமாந்ததுண்டு. கடற்சிப்பி தன் உடலைக் காக்கக் கட்டிய ஓடு காளவாயில் எரிந்து, சுவரில் மீண்டும் கல்லாகி, இறுதியில் ஒரு நில நத்தையின் நாவால் சுரண்டப்பட்டு அதன் கூட்டில் சேர்கிறது. நத்தையின் நா என்றோம். அது ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசையிட்ட ஓர் அரம் என்பதே பொருந்தும்.

இது நம் கற்பனை மட்டுமன்று. செக் நாட்டில் இடைக்காலக் கோட்டை இடிபாடுகளை ஆராய்ந்த யூரிச்கோவா, குசேரா ஆகியோர், அருகிவரும் நத்தையினங்களுக்கு அவ்விடிபாடுகள் புகலிடமாக விளங்குவதை 2005இல் எடுத்துக்காட்டினர். காரையின் சுண்ணாம்பு ஒரு காரணம். இடிந்த சுவரில் நிழலும் வெயிலும், ஈரமும் உலர்வும், பாசியும் சருகும் ஒருசேரக் கிடைப்பது மற்றொன்று. மனிதன் போருக்கெனக் கட்டியது, அவன் கைவிட்ட பின் வேறோர் உயிருக்கு அடைக்கலமாகிறது. செஞ்சியில் இதே கேள்வியை எழுப்ப நமக்குத் தடையொன்றும் இல்லை.

நத்தை, சிப்பி, சங்கு, கணவாய் அனைத்தையும் மெல்லுடலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியில் உயிரியலார் அடக்குவர். எலும்பற்ற மென்மையான உடல், அதைப் போர்த்திய மேலுறை, அம்மேலுறை சுரக்கும் ஓடு ஆகியவை அவற்றின் பொது அடையாளங்கள். கணவாயில் ஓடு உள்ளே ஒடுங்கியது, எண்காலியிலோ பெரும்பாலும் மறைந்தே போயிற்று. உலகில் இதுவரை பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 80,000 இனங்கள். கணுக்காலிகளுக்கு அடுத்த இடம் இவற்றுக்கே. இந்தியாவில் சுமார் 5,000 இனங்கள் உள்ளன; பெரும்பகுதி கடலில், 1,100க்கும் மேற்பட்டவை நிலத்தில், எஞ்சியவை நன்னீரில். நிலநத்தைகளின் களஞ்சியம் மேற்குத் தொடர்ச்சி மலையே. அங்கே அருவி தெறிக்கும் செங்குத்துப் பாறைகளில் கிரெம்னோகாங்கஸ் என்றொரு சிறு நத்தை வாழ்கிறது. அதன் உறவினர் கடலோரவாசிகள். இது மட்டும் மலையேறி நன்னீர்க்குடி ஆகிவிட்டது.

செஞ்சியைச் சூழ்ந்த ஏரிகளும் வயல்களும் எளியவையல்ல. நெல்வயலில் பெண்கள் பொறுக்கும் பெருநத்தை, செவுளும் நுரையீரலும் ஒருங்கே பெற்றது. நீரில் ஒன்றாலும் கரையில் மற்றொன்றாலும் மூச்சுவிடும். கோடையில் ஏரி வற்றினால் மண்ணுக்குள் இறங்கி, மூடியால் வாயிலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். நத்தைகுத்தி நாரை என நம்மூர் அழைக்கும் பறவையின் அலகு நடுவே இடைவெளி விட்டு அமைந்திருப்பது இந்நத்தையைக் கையாளுவதற்கே. ஏரிச் சேற்றில் புதைந்திருக்கும் சிப்பியின் கதை இன்னும் நுட்பமானது: அதன் இளவுயிர்கள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில காலம் ஒட்டி வாழ்ந்த பிறகே சேற்றில் இறங்க முடியும். மீன் போனால் சிப்பியும் போகும். ஒரு நாளில் பல லிட்டர் நீரை வடிகட்டும் சிப்பி போனால் ஏரி நீரும் கலங்கும்.

உறக்கம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. எகிப்தியப் பாலைநத்தை ஒன்றை இறந்ததெனக் கருதி 1846இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அட்டையில் ஒட்டி வைத்தனர். 1850இல் அட்டையில் கறை படிந்திருப்பதைக் கண்டு வெந்நீரில் இட்டபோது அது தலையை நீட்டி வெளிவந்தது.

இனி, காலத்தின் ஆழத்துக்குச் செல்வோம். செஞ்சிக்குத் தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் உள்ளது வழுதாவூர். 1750இல் ஐதராபாத்தின் நாசிர் ஜங் பெரும்படையுடன் முகாமிட்ட ஊர். அவ்வாண்டு இறுதியில் அவர் செஞ்சிக்கு அருகே கொல்லப்பட்டார். வரலாற்று நூல்கள் அத்துடன் வழுதாவூரை மறந்துவிடுகின்றன. நிலவியலார் மறக்கவில்லை. கே, கன்லிஃப் என்னும் இருவர் 1840களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் திரட்டிய கல்லோடுகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஸ்டோலிச்கா அப்பணியைப் பெருந்தொகுதிகளாக விரித்தார். காரகோரம் வழியே யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் 1874இல் லடாக்கில் இறந்தபோது அவருக்கு வயது 36. வழுதாவூர்ப் படிவுகள் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலடி. அங்கே கிடைப்பவற்றுள் அம்மோனைட்டு என்னும் சுருளோட்டு உயிர் தலையாயது. கண்டகி ஆற்றின் சாளக்கிராமமும் அவ்வினத்தின் கல்லுருவே.

வயல்வெளியில் கடலோடு கிடைப்பதைக் கண்டு அதன் பொருளை உணர்ந்தவர்களில் அல்பிரூனி (973–1048) முன்வரிசையில் நிற்கிறார். ஊர்களின் இருப்பிட எல்லைகளை அளப்பது பற்றிய தம் தஹ்தீது நூலில், ஜுர்ஜானுக்கும் குவாரிஸ்முக்கும் இடைப்பட்ட மணல்வெளியில் உடைக்கும் கற்களினுள் சிப்பிகள் காணப்படுவதைச் சுட்டி, அந்நிலம் ஒரு காலத்தில் கடலாயிருந்தது என முடிவு செய்தார். இந்திய வடசமவெளியை ஆறுகள் கொணர்ந்த வண்டலே நிரப்பியது என்று அவர் உய்த்துணர்ந்ததும் இதே கண்ணால்தான். நம்மவருள் சிலர் இத்தகைய குறிப்புகளைக் கொண்டு பரிணாமக் கொள்கை முழுவதையும் முஸ்லிம் அறிஞர்கள் முன்னரே கண்டுவிட்டனர் என்று எழுதுவதுண்டு. அது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. அல்பிரூனி கண்டது நிலமும் கடலும் இடம் மாறியதை. உயிரினங்கள் கிளைத்ததை அவர் ஆராயவில்லை. கண்டதை மட்டும் கண்டதாகச் சொல்வதே அவருடைய நெறி.

அம்மோனைட்டுகள் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், விண்கல் மோதலின் பேரழிவில் முற்றாக மறைந்தன. அவற்றின் தூரத்து உறவான நாட்டிலஸ் மட்டும் தப்பியது. அம்மோனைட்டுக் குஞ்சுகள் கடலின் மேற்பரப்பில் மிதந்து திரிந்த நுண்ணுயிர்கள். நாட்டிலஸோ ஆழத்தில், கரு நிறைந்த பெரிய முட்டையிலிருந்து வளர்ந்தே வெளிவரும். மேற்பரப்பு உணவு பட்டுப்போனபோது முன்னது பசித்து அழிந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தழைத்த குலம் அது.

அழிவைப் பற்றி அல்பிரூனியிடமே மற்றொரு குறிப்பும் உண்டு. இந்தியா பற்றிய நூலில், சரந்தீபின் வளைகுடாவில் முன்பு முத்து கிடைத்ததென்றும், அவர் காலத்தில் அது அற்றுப்போனதென்றும், கீழை ஆப்பிரிக்காவின் சுஃபாலாவில் முத்து தோன்றியதால் சரந்தீப் முத்து அங்கே குடிபெயர்ந்ததாக மக்கள் பேசிக்கொண்டனர் என்றும் எழுதுகிறார். முத்துக்கும் பவளத்துக்கும் இறைமறையின் அர்ரஹ்மான் அத்தியாயம் அளித்த இடத்தை நாம் அறிவோம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பின்னர் மீண்டன; மீண்டும் மீண்டும் ஓய்ந்தன. தூத்துக்குடியில் கடைசிப் பெருமுத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சிப்பிக்குள் செயற்கையாகக் கரு வைத்து உருண்டை முத்தை விளைவித்தது. ஆயினும் இயற்கைப் பார்களின் பழைய வளம் திரும்பிவிடவில்லை. சங்கு குளித்த கீழக்கரைக் குடும்பங்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடலில் இழப்பு கணக்கில் வருகிறது, விலை உண்டாதலால். நிலத்தில் வருவதில்லை. கோவி, பூஷே, ஃபோந்தேன் ஆகியோர் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1500க்குப் பின் உலகின் அறியப்பட்ட உயிரினங்களில் 7.5 முதல் 13 விழுக்காடு வரை மறைந்திருக்கலாம். அக்கணக்கை அவர்கள் நிலநத்தைகளைக் கொண்டே போட்டனர். ஒரு தீவின் கதை போதும்: ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்கவென்று 1977இல் பசிபிக்கின் மூரியாவில் ஓர் ஊனுண்ணி நத்தையை விட்டனர், அதுவோ தீவுக்கே உரிய பார்ட்டுலா மரநத்தைகளைப் பத்தாண்டுக்குள் தின்று தீர்த்தது. அதே ஆப்பிரிக்க நத்தை 1847இல் ஓர் ஆர்வலரால் கல்கத்தாத் தோட்டமொன்றில் விடப்பட்டு, இன்று நம் வாழைத்தோப்புகள் வரை வந்துள்ளது. உழவர் வெறுப்பது அதை. உப்பும் மருந்தும் தூவும்போது மடிவதோ உள்ளூர் நத்தையும் சேர்த்து.

2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் நாட்டிலஸ், பெருஞ்சிப்பி முதலிய கடல் மெல்லுடலிகள் சேர்க்கப்பட்டன. அழகிய ஓடு உடையவற்றுக்கு அந்தப் பேறு கிட்டியது. சுவரிடுக்கு நத்தைக்குச் சட்டம் உதவுவதை விடக் கொத்தனார் உதவுவது எளிது. உலக மரபுச் சின்னமாகிய கோட்டையில் துப்புரவும் செப்பனிடுதலும் பெருகும், பெருகவும் வேண்டும். சிமெண்டு ஈரத்தை அடைத்துக் கல்லையே அரிக்கும் என்பதால் பழஞ்சுவரைச் சுண்ணாம்புக் காரையாலேயே செப்பனிட வேண்டும் என மரபுக் கட்டிட வல்லுநர் நெடுநாளாகக் கூறிவருகின்றனர். நத்தையின் வழக்கும் அதுவே. சுவரடிச் சருகை முழுதும் எரிப்பதையும், பாசி நீக்க இரசாயனம் தெளிப்பதையும் தவிர்க்கக் கேட்பது பேராசையன்று.

அதற்கு முன் எவை வாழ்கின்றன என்று எண்ண வேண்டும். வட்டாரத்துக் கல்லூரி மாணவரும் மதரஸா மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது; எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் ஓய்ந்ததும் காரைச்சுவரடி, வெறும்பாறையடி, குளக்கரை, பக்கமலைக் காட்டின் சருகு என நான்கு இடங்களில் ஒரே அளவு மண்ணை எடுத்து மாவுச் சல்லடையில் சலித்தால் வெற்றுக் கூடுகள் மேலே நிற்கும். எடுத்த இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் தீப்பெட்டியில் இட்டு வைத்தால் போதும். பெயர் காண்பதற்குக் கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் தொகுப்பு உள்ளது. காரைச்சுவரடிப் பெட்டிகள் பாறையடிப் பெட்டிகளைவிட நிறைந்திருக்குமா என்பதை அடுத்த தை மாதத்திலேயே பார்த்துவிடலாம்.