பலசரக்குக் கடைக்குள்ளே ஒரு சாப்பாட்டுக் கடை

அரிசி, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம் என்று எழுதிய துண்டோடு சுப்பர் மார்க்கட்டுக்குள் நுழைகிறோம். பொரித்த கோழியின் வாசமும் அப்போதுதான் வெந்து வந்த பணிஸின் வாசமும் மூக்கைத் துளைக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பட்டிஸ், கட்லட். பக்கத்திலே சோற்றுப் பார்சல். சில கடைகளில் இருந்து சாப்பிட மேசை கதிரையும் உண்டு. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கின்றனர். வீடு திரும்பும்போது துண்டில் எழுதாத நாலைந்து சாமான்கள் பையிலே இருக்கின்றன. அன்றைய இராச் சமையலும் நின்று போகிறது.

இது தற்செயலாக நடப்பதா? இல்லை என்கிறது வியாபார உலகம். பலசரக்குக் கடையும் உணவகமும் ஒன்றாகக் கலந்த இந்த முறைக்கு அமெரிக்க வியாபாரிகள் 'கிரோசரன்ட்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் தமது கணக்கோடுதான் அடுப்பை மூட்டுகிறார். நாமும் நமது கணக்கோடு போனால் இதனால் நமக்கும் நன்மை உண்டு.

வாடிக்கையாளர் நடக்கத் தொடங்கிய கதை

ஒரு காலத்தில் கடைக்காரர் மேசைக்குப் பின்னால் நிற்பார். நாம் கேட்டதை நிறுத்து, கடதாசியில் சுற்றித் தருவார். நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து இந்த வழக்கத்தை மாற்றினார். வாடிக்கையாளரே கூடையை எடுத்துக்கொண்டு தட்டுகளுக்கிடையில் நடந்து, வேண்டியதை எடுத்து, வாசலில் பணம் கொடுக்கும் முறை அங்கேதான் பெயர் பெற்றது.

வாடிக்கையாளர் நடக்கத் தொடங்கியதும் வியாபாரிக்குப் புதியதொரு கவலை பிறந்தது. அவரை எந்த வழியால் நடக்க வைப்பது? எவ்வளவு நேரம் உள்ளே வைத்திருப்பது? பசித்த மனிதர் அவசரமாக வெளியேறிவிடுவார். அவருக்கு உள்ளேயே உணவு கிடைத்தால் ஆறுதலாகச் சுற்றிப் பார்ப்பார்.

கோழி ஏன் பின்பக்கத்தில்?

அமெரிக்காவின் 'கொஸ்ட்கோ' கடைகள் இதற்கு நல்ல உதாரணம். அங்குள்ள உணவுப் பகுதியில் சொசேஜ் வைத்த பணிஸும் குளிர்பானமும் சேர்த்து 1.50 டொலர். 1980களின் நடுப்பகுதியில் வைத்த அந்த விலையை, மற்றெல்லாம் ஏறியும் அவர்கள் ஏற்றவில்லை. முழுதாகச் சுட்ட கோழியையும் பல வருடங்களாக 4.99 டொலருக்கே கொடுக்கிறார்கள். அந்த விலையைக் காப்பாற்றுவதற்காகவே நெப்ராஸ்கா மாநிலத்தின் பிரிமொன்ட் நகரில் 2019இல் சொந்தமாகக் கோழித் தொழிற்சாலையொன்றையும் திறந்தார்கள்.

இவ்வளவு மலிவாகக் கொடுத்து என்ன இலாபம்? அந்தக் கோழி பெரும்பாலும் கடையின் பின்பக்கத்திலேயே இருக்கும். அதை எடுக்கப் போகிறவர் மற்ற எல்லாத் தட்டுகளையும் கடந்துதான் போக வேண்டும், திரும்பி வர வேண்டும். தவிர, வருடாந்தச் சந்தா கட்டியவர்கள்தான் அந்தக் கடையில் வாங்கலாம். மலிவான கோழி அந்தச் சந்தாவைப் புதுப்பிக்கவும் வைக்கிறது. ஆக, கோழியில் விட்டதை வேறு வழியில் பிடித்துக்கொள்கிறார்கள்.

கடைக்குள் அடுப்பு இருப்பதில் இன்னுமொரு வசதியும் உண்டு. திகதி முடிவதற்குச் சில நாள் இருக்கும் இறைச்சியையும் மரக்கறியையும் வீசாமல் சமைத்து விற்கலாம். உரிய நேரத்தில் சுத்தமாகச் சமைத்தால் இதிலே பிழையொன்றுமில்லை. உணவு வீணாகாமல் இருப்பது நல்லதுதானே.

நன்மையும் உண்டு

2016இல் சீனாவின் ஷங்காய் நகரில் திறக்கப்பட்ட 'ஹேமா' கடையில், தொட்டியில் நீந்தும் மீனையோ நண்டையோ வாடிக்கையாளரே தெரிவு செய்து, அங்கேயே சமைப்பித்துச் சாப்பிடலாம். இத்தாலியின் தூரின் நகரில் 2007இல் ஆரம்பமான 'ஈட்டலி'யில் விற்பனைத் தட்டிலிருக்கும் பொருட்களைக் கொண்டே பக்கத்து மேசைக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். எந்த மீன், எந்த எண்ணெய் என்று கண்ணால் கண்டு சாப்பிடும் வாய்ப்பு சாதாரண உணவகத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

நமது நாட்டிலும் வேலைக்குப் போகும் பெண்களுக்கும், வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்கும் குடும்பத்துக்கும், தனியே அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கும் இந்தக் கவுண்டர்கள் பேருதவி. 2022இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில், சமைத்த உணவு கிடைக்கும் இடத்தின் அருமையை எல்லோரும் உணர்ந்தோம்.

சூடு இருக்கிறதா என்று பாருங்கள்

ஆனால் வாசத்தை நம்பி வாங்கக் கூடாது. சமைத்த உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழ் குளிராக இருக்க வேண்டும். இடைப்பட்ட இளஞ்சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சமைத்த உணவை வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

சோற்றில் இன்னும் கவனம் தேவை. அரிசியில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. எனவே பகல் கட்டிய பார்சலை இரவு விலைக்கழிவில் கொடுத்தால், எத்தனை மணிக்குக் கட்டியது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மனித பாவனைக்கு உதவாத உணவை விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். அசுத்தம் கண்டால் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

பக்கெட்டில் ஹலால், கவுண்டரில்?

நம்மவர் பலர் தவறவிடும் இடம் இது. இலங்கையில் 2014 முதல் ஹலால் சான்றுறுதிப் பேரவை சான்றிதழ் வழங்கி வருகிறது. உறைந்த கோழிப் பக்கெட்டில் உள்ள இலச்சினை அந்தப் பக்கெட்டைப் பற்றியது. அதே கடையின் கவுண்டரில் பொரிக்கும் கோழிக்கு அது தானாகப் பொருந்தாது. ஒரே எண்ணெயில் பன்றி சொசேஜும் பொரிக்கப்படலாம். ஒரே கத்தி, ஒரே பலகை, ஒரே இடுக்கி எல்லாவற்றுக்கும் பாவிக்கப்படலாம். கவுண்டருக்கென்று தனிச் சான்றிதழ் உண்டா, எண்ணெய் வேறா, பாத்திரம் வேறா என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலானோர் பதில் சொல்வார்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்த வேளைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவதே மேல்.

வீட்டுக் கணக்கு

ஒரு பார்சலின் விலை சிறிதாகத்தான் தெரியும். வீட்டில் ஐந்து பேர் என்றால் அதை ஐந்தால் பெருக்குங்கள். கிழமைக்கு எத்தனை முறை என்று மீண்டும் பெருக்குங்கள். மாதக் கடைசியில் கை கடிக்கும் காரணம் அப்போது விளங்கும். உப்பையும் மறக்க வேண்டாம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குக் குறைவாகவே போதும். பொரித்த கோழி, சொசேஜ், ரோல்ஸ் என்று தொடர்ந்து உண்டால் அந்த அளவு தெரியாமலே தாண்டிவிடும். வீட்டில் பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

சகோதரிகளே, சாமான் வாங்கப் போகுமுன் பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டுப் போங்கள். இன்று வெளியில் சாப்பிடுவதா, வீட்டில் சமைப்பதா என்பதைப் புறப்படுமுன் வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வாங்குவதென்றால் சூடாக வாங்கி, தாமதியாமல் உண்ணுங்கள். கறியை மட்டும் வாங்கி, சோறும் சுண்டலும் வீட்டில் ஆக்கினால் செலவு பாதியாகக் குறையலாம். உம்மா சமைக்க, பிள்ளைகள் தேங்காய் துருவ, வாப்பா வெங்காயம் உரிக்க, எல்லோரும் கூடியிருந்து உண்ணும் அந்த ஒரு நேரத்தை எந்தக் கவுண்டரிலும் வாங்க முடியாது. அதைக் கிழமையில் சில நாளாவது விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வோம்.