ஏழு நாள் மழையைக் கூட்ட இரண்டு வழிகள்

ஆண்டு இறுதி நெருங்கினால் லாபிஸில் நாங்கள் அடிக்கடி வானத்தைப் பார்ப்போம். 2006 டிசம்பரில் எங்கள் சிகாமட் மாவட்டத்தைச் சூழ்ந்த பெருவெள்ளத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இன்று எவ்வளவு பெய்தது என்பது மட்டும் போதாது, கடந்த ஏழு நாளின் மொத்த மழையும் தெரிய வேண்டும். ஏற்கெனவே ஊறிப்போன மண் புதிய மழையை அவ்வளவாக உறிஞ்சாது.

இந்தக் கூட்டலைச் செய்ய நீங்களே ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் மழை 12, 0, 35, 8, 0, 20, 5 மில்லிமீட்டர். மொத்தம் 80. எட்டாம் நாள் 40 பெய்கிறது. என்ன செய்வீர்கள்?

ஒரு வழி, நகர்த்துவது. சிற்றுண்டிச்சாலை வரிசையில் முதல் ஆள் போனதும் மற்றவர்கள் ஓரடி முன்னே வருவதைப் போல, லூப் ஆறு எண்களையும் ஒவ்வோர் இடம் தள்ளும். கடைசி இடத்தில் 40ஐ வைத்து, ஏழையும் மறுபடி கூட்டும். விடை 108.

இன்னொரு வழி, கழிப்பது. 80இலிருந்து பழைய 12ஐக் கழித்து 40ஐக் கூட்டினால் அதே 108. எதையும் நகர்த்த வேண்டாம். 12 இருந்த பெட்டியிலேயே 40ஐ எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன்பே கழித்துவிடுங்கள். வகுப்பில் பலர் சறுக்குவது இங்கேதான்: 12ஐ அழித்துவிட்டு, பிறகு எதைக் கழிப்பது என்று விழிப்பார்கள்!

ஏழு எண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 30 நாளின் மணிவாரி மழை என்றால் 720 எண்கள். முதல் வழியில் ஒவ்வொரு மணிக்கும் 719 நகர்த்தல்கள், அதன்பின் கூட்டல். இரண்டாம் வழியில் ஒரு கழித்தல், ஒரு கூட்டல்.

அப்படியென்றால் கழிப்பதே சிறந்ததா? பைத்தானில் 0.1 + 0.2 - 0.3 என்று தட்டிப் பாருங்கள். பூஜ்யம் வராது, மிக மிகச் சிறிய ஓர் எண் வரும். கணினி இரும எண்களில் கணக்கிடுகிறது, 0.1ஐ அதில் முழுமையாக எழுத முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டினால் பழைய பிழை தொடராது. கழித்துக்கொண்டே போனாலோ, நேற்றைய பிழை இன்றைய மொத்தத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் தொடங்கிய குறியீட்டை, ஒவ்வொரு வணிகத்துக்குப் பின்னும் பழைய மதிப்பிலிருந்தே திருத்தி வந்தார்கள். மூன்று தசம இடத்துக்குப் பிறகு வந்ததை முழுமையாக்காமல் வெட்டிவிட்டார்கள். நாளொன்றுக்குச் சுமார் 3,000 வெட்டுகள். 1983 நவம்பரில் குறியீடு 524 அளவில் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டபோது கிடைத்தது ஏறக்குறைய 1098!

மழைக்கு இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. 12.5 மில்லிமீட்டரை 125 என்று முழு எண்ணாகவே சேமியுங்கள். முழு எண்களைக் கழித்தால் பிழையே வராது. தானியங்கி மழைமானிகள் பலவற்றில் ஏற்றப்பலகை போல ஒரு குட்டி வாளி இருக்கும். குறிப்பிட்ட அளவு நீர் நிரம்பியதும் அது கவிழும். கருவி எண்ணுவது அந்தக் கவிழ்தல்களை. அரைக் கவிழ்தல் என்று ஒன்று அதற்குக் கிடையாது.